புதன்கிழமைப் புளுகு

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம் நான் பியானோ பழகப் போனேன். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. கல்முனையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்தேன். கட்டைகளைப் பாராமல் இரண்டு கை விரல்களாலும் அடிப்பேன். கந்தோரில் இருந்த மற்ற இரண்டு தட்டெழுத்தாளர்களும் கோழி கொத்துவது போல இரண்டு விரலால் கொத்துகிறவர்கள். ஆகவே எனக்குத் தலைக்கனம் இருந்தது. அதை இப்போது ஒளித்துப் பிரயோசனமில்லை, அப்போதே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

கன்னியர் மடத்தில் நிவாரண விண்ணப்பங்கள் அடித்துக் கொடுக்கப் போனபோதுதான் அந்தப் பியானோவைக் கண்டேன். கூரை பறந்த மண்டபத்தில் ஓர் இரவு முழுக்க மழையில் நின்று பிழைத்த சாமான் அது. இடது பக்கத்தில் நாலு கட்டைகள் அழுத்தினால் எழும்பாது, விரலைக் கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். சங்கீதம் படிப்பிக்கிற வயதான சிஸ்டர் நான் டைப் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த விரலுக்கு இது லேசா வரும் தம்பி" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். புதன்கிழமைகளில் கந்தோர் விட்டு மடத்துக்குப் போகத் தொடங்கினேன். கந்தோரில் கேட்டவர்களுக்கு மடத்துத் தலைவியான மதருக்குக் கடிதம் அடிக்கப் போகிறேன் என்று சொன்னேன். பள்ளிவாசல் பக்கம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்களுக்கும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

என்னோடு இன்னும் இரண்டு பேர் பழகினார்கள். ஒருவர் மருதமுனையில் மூன்று தறி வைத்திருந்த நெசவாளி, ஐம்பதை நெருங்கியவர். மடத்துக்குத் துணி கொண்டுவந்து கொடுக்கிறவர். ஏன் பழகுகிறீர்கள் என்று கேட்டால், "சும்மா ஆசதான் தம்பி, வேற என்ன" என்பார். வெள்ளிக்கிழமை தறிக்கு லீவு என்பதால் ஜும்மா முடிந்து வருவார்.

மற்றவர் சாய்ந்தமருதில் தையல் தைத்துப் பிழைத்த ஒரு பெண். முப்பது வயது இருக்கும், இரண்டு பிள்ளைகள். கணவர் கொழும்புக்கு யாவாரத்துக்குப் போய் அங்கே இன்னொரு குடும்பமாகி, திரும்பி வரவில்லை. அந்தப் பெண் சனிக்கிழமை காலையில் வருவார். நாங்கள் இரண்டு ஆண்களும் ஆசைக்குப் பழகினோம். அவர் ஆசைக்குப் பழகவில்லை. தை மாதத்தில் மடத்தில் ஒரு பாலர் வகுப்பு தொடங்க இருந்தது. பிள்ளைகளில் பெரும்பாலானோர் எங்கள் முஸ்லிம் பிள்ளைகள் என்பதால் எங்கள் ஆட்களில் ஒருவரையே ஆசிரியையாக எடுக்க மதர் விரும்பினார். அந்தப் பெண் பத்தாம் வகுப்புப் படித்திருந்தார், பிள்ளைகளோடு நல்ல மாதிரி. ஒரே ஒரு நிபந்தனைதான். சிஸ்டர் வருட முடிவில் ஓய்வு பெற்று மட்டக்களப்புக்குப் போகிறார். அதற்குப் பிறகு பாலர் பாட்டுகளுக்குப் பியானோ வாசிக்க ஆள் வேண்டும். மார்கழி முதல் கிழமையில் மதர் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். இரண்டு கையாலும் ஒரு பாட்டை முழுதாக வாசித்துவிட்டால் மாதச் சம்பளம். இல்லாவிட்டால் தையல்தான்.

இதையெல்லாம் சிஸ்டர் முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நாங்கள் மூவரும் ஒரே நாளில் வருவதில்லை. ஆணும் பெண்ணுமாக ஒரு மண்டபத்தில் இருந்து பாட்டுப் பழகினால் ஊர் சும்மா இருக்காது. ஆகவே சிஸ்டர் ஒரு கொப்பியைப் பியானோவின் மேல் வைத்தார். அரை மணித்தியாலம் அவர் சொல்லித் தருவார், பிறகு ஜெபத்துக்குப் போய்விடுவார். அடுத்த அரை மணித்தியாலம் நாங்கள் தனியே பழக வேண்டும். பழகி முடிந்ததும் எதைப் பழகினோம், எங்கே தடக்கியது என்று கொப்பியில் எழுத வேண்டும். ஒருவருடையதை மற்றவர் வாசித்து உற்சாகம் பெறலாம் என்பது அவருடைய எண்ணம். நீங்களும் வாசிப்பீர்களா என்று கேட்டேன்.

"கொப்பி ஒங்க மூண்டு பேருக்கும். எனக்குக் காது போதும்" என்றார்.

தட்டெழுத்துக்கும் பியானோவுக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்கு இரண்டாம் புதன்கிழமையே விளங்கிவிட்டது. டைப் அடிக்கிறவனுக்கு ஒரு கட்டையைத் தட்டினால் அந்த வேலை முடிந்தது, விரலை எடுத்துவிட வேண்டும். இங்கே பிடித்துக்கொண்டிருக்கச் சொல்கிறார்கள். இடது பெருவிரலுக்கு டைப்ரைட்டரில் வேலையே இல்லை. பதினைந்து வருடம் சும்மா இருந்த அந்த விரல் பியானோவிலும் சும்மாதான் இருந்தது. அதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. பாட்டில் ஒரு வரி முடிந்ததும் என் இடது கை தானாக மேலே எழும்பும். டைப்ரைட்டரில் போல அடுத்த வரிக்குத் தள்ளுவதற்கு அங்கே உருளை ஒன்றும் இல்லை. தள்ளப் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் வலது கை அடுத்த வரியில் பாதித் தூரம் போயிருக்கும். சிஸ்டர் ஒருநாள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே அமர்த்தினார். அடுத்த வரியில் அது மறுபடியும் எழும்பியது.

நெசவாளிக்கு வேறு வருத்தம். பியானோவின் அடியில் இரண்டு மிதிகள் உண்டு. தறியில் பழகிய கால் சும்மா இருக்குமா. அவர் இடது வலது இடது வலது என்று மாறிமாறி மிதித்துக்கொண்டே வாசிப்பாராம். சத்தம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கஞ்சியாகிவிடும் என்று சிஸ்டர் சொன்னார்.

அந்தப் பெண்ணுக்கு இப்படிக் கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. வீட்டுச் சீமெந்துத் தரையில் கரியால் கட்டைகளை வரைந்து, குந்தியிருந்து விரலை வைத்துப் பழகினார். அவர் கொப்பியில் எழுதுவது இப்படி இருக்கும்: "வலது கை மட்டும், நாலு வரி. இரண்டு பிழை." இன்னொரு கிழமை: "சின்ன மகன் கட்டைகளை மிதித்து அழித்துவிட்டான். திரும்ப வரைய இரண்டு நாள் சென்றது. முன்னேற்றம் இல்லை." ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிய கிழமை: "தையல் கூட. பழகவில்லை." அவ்வளவுதான். கந்தோரில் இப்படி எழுதினால் சம்பள உயர்வு கிடைக்காது என்று நான் நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

நான் எழுதிய முதல் புளுகு சின்னது. வலது கையில் மூன்று பிழை விட்டுவிட்டு, பிழையில்லை என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை நெசவாளி, இரண்டு கையும் தொடங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தார். மிதியை விட்டுக் காலை எடுக்கத் தெரியாத மனுஷன் இரண்டு கையும் தொடங்கிவிட்டால் நான் என்ன செய்வது. இரண்டு கையும் பாட்டுப் புத்தகத்தில் நாலாம் பக்கம் வரை வந்தாயிற்று என்று எழுதினேன். அவர் ஐந்தாம் பக்கம் என்றார். நான் ஆறு என்றேன்.

ஒருநாள் மீன் சந்தையில் அவரைக் கண்டேன். அண்ணன் முறையில் காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

"என்ன தம்பி, ஆறாம் பக்கத்துக்கு வந்திட்டீங்களாமே" என்றார் மீனைப் பார்த்துக்கொண்டு.

"ஓம் காக்கா. நீங்களும் விடுற மாதிரித் தெரியல்லியே" என்றேன் நானும் மீனைப் பார்த்துக்கொண்டு.

அதற்கு மேல் இரண்டு பேரும் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு வராது என்று எனக்குத் தெரியும், எனக்கு வராது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். எங்களுக்கிடையில் அது ஒரு விளையாட்டு. அதே கொப்பியைச் சனிக்கிழமைகளில் இன்னொருவர் வாசிக்கிறார், அவருக்கு அது விளையாட்டு என்று தெரியாது. இதை நான் நினைக்கவே இல்லை. நினைக்க வேண்டிய வயதுதான், புத்திதான் இல்லை.

ஆறாவது கிழமை அவர் தன்னுடைய குறிப்புக்குக் கீழே இப்படி எழுதியிருந்தார்: "புதன்கிழமை எழுதுபவருக்கு. இரண்டு கையையும் சேர்க்கும்போது பாட்டின் மூன்றாவது கட்டத்தில் எனக்கு இடது கை விட்டுப்போகிறது. நீங்கள் எப்படி எண்ணினீர்கள்? எத்தனை நாளில் சரிவந்தது? தயவுசெய்து எழுதவும்."

நான் அப்போதே உண்மையை எழுதியிருக்கலாம். எனக்கும் அதே இடத்தில்தான் விட்டுப்போகிறது, மூன்றாவது கட்டத்தில் மட்டுமல்ல, எல்லாக் கட்டத்திலும் விட்டுப்போகிறது என்று ஒரு வரி போதும். பேனையைத் திறந்துகொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். ஒரு பெண் என்னிடம் ஆலோசனை கேட்கிறார் என்பது உள்ளுக்குள் நன்றாகத்தான் இருந்தது. ஆகவே இப்படி எழுதினேன்: "எண்ண வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. இரண்டாம் நாளே கை தானாக வந்துவிட்டது. இது சிலருக்கு இயல்பாக அமைவது. பொறுமையாகப் பழகவும்."

எழுத்து அழகாக இருந்தது. கையொப்பம் மட்டும்தான் குறை.

அடுத்த புதன்கிழமை நல்ல மழை. கொப்பியைத் திறந்தேன். சனிக்கிழமைக்குரிய இடத்தில் இரண்டு வரி கிடந்தது: "என்னால் ஏலாது என்று மதரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் இருவருக்கும் இறைவன் தந்தது எனக்கு இல்லை. உதவிக்கு நன்றி."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கூடப் பயமாக இருந்தது. சிஸ்டர் வந்ததும், அந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருந்தார் என்று கேட்டேன்.

"அவவா? ஒங்க ரெண்டு பேரையும் விட எவ்வளவோ முன்னுக்கு" என்றார். "மெல்லத்தான் வாசிப்பா. ஆனா நிப்பாட்ட மாட்டா. நான் ஞாயிற்றுக்கிழம மட்டக்களப்புக்குப் போய் நேத்துத்தான் வந்தன். வந்து கேட்டா விட்டுட்டாவாம். ஏன் எண்டு எனக்கு விளங்கல்ல."

எனக்கு விளங்கியது. கொப்பியை எடுத்துக்கொண்டு நேரே மதரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கொப்பியை வாங்கி இரண்டு பக்கம் வாசித்தார், ஏசவில்லை.

"நான் ரெண்டு தரம் கேட்டன், ரெண்டு தரமும் ஏலாது எண்டா" என்றார். "திங்கக்கிழம மட்டக்களப்பில ஒரு பிள்ளைக்கு வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் போட்டாச்சு. இண்டைக்குக் காலம தகப்பனோட வந்து போயிட்டா. குடுத்த வாக்க எப்படி எடுக்கிற?"

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். மனைவிக்கு அதுவரை நான் பியானோ பழகுவதே தெரியாது. முதலில் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, "புளுகுறதுக்கு ஒங்களுக்கு வேற இடம் கிடைக்கல்லியா" என்றார். அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விட்டது, இனிப் போய்ச் சொல்லி என்ன, சும்மா இருக்கிற புண்ணைக் கிண்டுவதுதான் மிச்சம் என்றேன். அது எனக்கு வசதியான நியாயம்.

"வேல போனது போகட்டும். அந்தப் புள்ள தனக்கு ஏலாது எண்டு நெனச்சிக்கிட்டு இரிக்காவே. அதையாவது போய் எடுத்துப் போட்டுட்டு வாங்க. நானும் வாறன்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார்.

பஸ்ஸில் போனோம். சாய்ந்தமருதில் வீட்டைக் கேட்டுப் பிடித்தபோது மஃரிபுத் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. மனைவி உள்ளே போனார். நான் முற்றத்தில் தாழ்வாரத்துக்குக் கீழே நின்றேன். அந்தப் பெண் கதவுச் சீலைக்குப் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. அவருடைய முகத்தை நான் அன்றைக்கும் பார்க்கவில்லை. சீலைக்குக் கீழே பழைய ரப்பர் செருப்பும், ஒட்டியிருந்த நூல் துண்டுகளும் தெரிந்தன.

"நான்தான் புதன்கிழம எழுதுற ஆள்" என்றேன். "எனக்கு ரெண்டு கையும் வராது. இண்டைக்கும் வராது. ரெண்டாம் நாள் வந்த எண்டு எழுதினது புளுகு."

"ஆறாம் பக்கம்?" என்று சீலைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"அதுவும் புளுகுதான். முதலாம் பக்கமே சரியா வரல்ல."

"வெள்ளிக்கிழமக் காக்கா எழுதினது?"

"அவருக்கும் வராது."

அழுவார் அல்லது ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் தயாராக இருந்தேன். ஏசினால் நல்லது என்றுகூட இருந்தது. அவர் பேசியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, கொப்பியில் எழுதுகிற மாதிரியே.

"எனக்கு வந்திட்டு காக்கா" என்றார். "போன சனிக்கிழம சிஸ்டர் ஜெபத்துக்குப் போன பிறகு. மூண்டாம் கட்டத்தில விடாம, ரெண்டு கையும், கடைசி வரைக்கும். மூண்டு தரம் வாசிச்சிப் பாத்தன், மூண்டு தரமும் சரி. அத எழுதுவம் எண்டுதான் கொப்பியத் திறந்தன். ஒங்கட பதில் கிடந்திச்சி, ரெண்டாம் நாள் எண்டு. ஏழு கிழம எடுத்த நான் எந்த மூஞ்சோட போய் மதருக்கு வாசிச்சிக் காட்டுற?"