இரண்டு விரல் ஆட்டக்காரன்

என் தம்பி லினக்ஸில் கேம் விளையாடுகிறவன் என்று சொன்னால் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் முகத்தில் ஒரு மரியாதை வந்துவிடும். ஏதோ கொள்கைக்காரன் என்று நினைப்பு. கொள்கையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் அவன் படித்த அரசுப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் என்றாலே லினக்ஸ்தான். விண்டோஸ் என்ற ஒன்றை அவன் முதலில் பார்த்தது நான் பில் போடும் மருந்துக்கடையில். "என்னக்கா இது, இப்படி இழுக்குது?" என்று முதலாளி காதில் விழும்படி கேட்டு என் மானத்தை வாங்கினான்.

அப்போது அவன் வல்லார்பாடம் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு மழைக்காலத்தில் வேலை முடிந்து வரும்போது பாலத்தின் மேல் பைக் வழுக்கியது. கழுத்தில் தண்டுவடம் போயிற்று. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தபின் வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்டன. இடது கையைத் தோளிலிருந்து தூக்கி ஒரு இடத்தில் போடலாம், அவ்வளவுதான். இதை நல்ல முன்னேற்றம் என்றார் டாக்டர். நான் அவருடைய பத்து விரல்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கட்டிலுக்குக் குறுக்கே பலகை போட்டு, ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வைத்தோம். அம்மா அவனுக்குப் படம் பார்க்க என்று நினைத்தாள். அவன் வேறு கணக்குப் போட்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் கற்றதையும் இணையத்தில் தேடியதையும் வைத்து, இரண்டு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, ஒரு புரோகிராம் எழுதினான். ஒரு தட்டுத் தட்டினால் நடை, இரண்டு தட்டினால் ஓட்டம், அழுத்திப் பிடித்தால் துப்பாக்கி. இரண்டு விரலைப் பத்து விரலாக்கும் வித்தை. விண்டோஸுக்கென்று செய்த கேம்களை லினக்ஸில் ஓட்ட நடுவில் மொழிபெயர்ப்பாளன் மாதிரி இன்னொரு புரோகிராம் இருக்கிறதாம், அதையும் ஏற்றிக்கொண்டான். அது சரியாக ஓடுவதற்குள் எங்கள் உயிர் போய்விட்டது. படம் வந்தால் சத்தம் வராது, சத்தம் வந்தால் திரை கறுத்துவிடும். "தூக்கிக் கடலில் போடுடா" என்று நான் கத்தியிருக்கிறேன். அவன் சிரிப்பான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்தது அந்த நாட்களில்தான்.

அப்படித்தான் மூன்று பேர் எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். முகம் தெரியாது, ஸ்பீக்கரில் குரல் மட்டும். ஒருவன் கும்பளங்கியில் மீன் வளர்க்கிறவன், ஒருவன் ஏலூரில் கம்பெனி வேலை, இன்னொருவன் துபாயில். நால்வரும் ஒரு அணி, தினமும் சாயங்காலம் கூடுவார்கள். இவன் கட்டிலில் கிடப்பது அவர்களுக்குத் தெரியாது. லாரி ஓட்டுவதாகவே சொல்லி வைத்திருந்தான். படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடி வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் சேச்சி மூத்திர டியூப் மாற்ற வரும் நாட்களில் "இன்று ஷிஃப்ட்" என்பான்.

அவர்கள் பேசியதைத் தாளில் எழுத முடியாது. மலையாளத்தில் தெறி என்று சொல்வார்களே, கெட்ட வார்த்தை, அதுதான் அங்கே வணக்கமும் வாழ்த்தும். ஒருவன் தப்பாகச் சுட்டால் அவன் அப்பன் பாட்டன் வரை இழுப்பார்கள். அம்மா முதலில் காதைப் பொத்திக்கொண்டாள், பிறகு பழகிப்போய் ஆறு மணியானால் சாயா போட்டுக்கொண்டே "பசங்க வந்துட்டானுங்களா?" என்று கேட்க ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகள் நெருக்கத்தை இப்படித்தான் காட்டுவார்கள். விபத்துக்குப் பின் அவனிடம் எல்லோரும், நான் உட்பட, பஞ்சில் சுற்றிய மாதிரி பேசினோம். அவனைத் திட்டுவதற்கு உலகத்தில் அந்த மூன்று பேர்தான் இருந்தார்கள்.

ஒரு நாள் கேம் கம்பெனிக்காரர்கள் காவலுக்கு ஒரு புரோகிராமை அனுப்பினார்கள். யாராவது குறுக்கு வழியில் ஜெயிக்கிறார்களா என்று அது ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் மோப்பம் பிடிக்குமாம். லினக்ஸ் என்றாலே அதற்குச் சந்தேகம். இவன் கம்ப்யூட்டரிலோ அதோடு விரல் வித்தையும் இருந்தது. திரையில் சிவப்பாக வந்தது: ஏமாற்றியதால் நிரந்தரமாக நீக்கப்பட்டுள்ளீர்கள். இவனை நீக்கிய செய்தி அணியில் மற்ற மூவருக்கும் போயிற்று. அவர்கள் சேர்ந்து ஜெயித்த ஆட்டங்களும் அழிந்துபோயின.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்பெனிக்காரன் எதிரில் நின்றிருந்தால் செருப்பு பிய்ந்திருக்கும். ஒருவனுடைய ஊன்றுகோலைப் பிடுங்கிக்கொண்டு அவனையே திருடன் என்பதா? தம்பி எல்லாவற்றையும் விளக்கி எழுதினான். முடிவு மாறாது என்று பதில் வந்தது. எழுதியது மனிதனா மெஷினா, யார் கண்டார்கள்.

அதைவிட மோசம் அந்த மூவர். கும்பளங்கிக்காரன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: அப்போது இத்தனை நாள் ஜெயித்ததெல்லாம் கள்ளத்தனமா? மற்ற இருவரும் அழைப்பைத் துண்டித்தார்கள். ஒரு வாரம் ஸ்பீக்கர் ஊமையாகக் கிடந்தது. அம்மா ஆறு மணிக்கு வந்து நிற்பாள், கேட்காமல் திரும்பிப் போவாள். அவன் சாப்பாட்டைக் குறைத்தான். முதுகில் புண் வந்தது. ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தால் அப்படியே சுவரைப் பார்த்துக் கிடப்பான். நர்ஸ் சேச்சி என்னைத் தனியாக அழைத்து, இவன் மனசை விட்டுவிட்டான் என்றாள்.

உண்மையைச் சொல்லித் தொலையேன் என்று கத்தத் தோன்றியது. சொல்லவில்லை. அது அவனுடைய உண்மை. கடைசியில் அவனே என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, கள்ளன்னு பேரு வாங்கறதுக்குப் பதிலா கிடப்பு ரோகின்னே வாங்கிக்கறேன். மொபைலைப் பிடி."

பிடித்தேன். கட்டில், பலகை, அசையாத கால்கள், தட்டுகிற இரண்டு விரல்கள், எல்லாவற்றையும் வீடியோவில் காட்டினான். குரல் நடுங்கவில்லை. நான்தான் மொபைலைக் கோணலாகப் பிடித்து, நேராகப் பிடி என்று திட்டு வாங்கினேன்.

பத்து நிமிஷத்தில் மூவரும் அழைத்தார்கள். கும்பளங்கிக்காரன் அழுதான். பெரிய உடம்புக்காரன் போல, அழுகையும் பெரிதாக இருந்தது. அந்தக் கம்பெனியின் கேமே இனி வேண்டாம் என்று மூவரும் விட்டுவிட்டார்கள். லினக்ஸில் தடையில்லாமல் ஓடுகிற ஒரு இலவச கேமைத் தேடிக் கண்டுபிடித்து, விண்டோஸ்காரர்கள் மூவரும் அதற்கு வந்து சேர்ந்தார்கள். அணியெல்லாம் இல்லை, நான்கு பேரும் ஒருவரையொருவர் சுட வேண்டும். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தாள். நானும் கொஞ்சம் அழுதேன், வெட்கமில்லாமல்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தேன். அவன் ஒரு சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றான். முன்பானால் ஸ்பீக்கர் கிழிந்திருக்கும். "ஸாரமில்லடா மோனே" என்றது ஏலூர்க் குரல். பரவாயில்லையாம். நல்ல குரல். டாக்டருக்கும் அதே குரல்தான்.

அடுத்த ஆட்டம் தொடங்கியதும் தம்பி இரண்டு விரல்களையும் தட்டாமல் மடக்கிக்கொண்டான். என்னைப் பார்த்து, பேசாதே என்று கண்ணைக் காட்டினான். திரையில் அவனுடைய ஆள் நடுத்தெருவில் அசையாமல் நின்றான். மற்ற மூவரும் அவனைச் சுற்றி ஓடினார்கள், ஒளிந்தார்கள், தங்களுக்குள் சுட்டுக்கொண்டார்கள். ஒரு குண்டும் அவன் பக்கம் வரவில்லை. கடைசியாக மிஞ்சிய துபாய்க்காரன் தன் காலடியிலேயே வெடியைப் போட்டுச் செத்தான்.

ஜெயித்தவர் என்று தம்பியின் பெயர் வந்தது. மூன்று குரலும் கைதட்டின.

அவன் மைக்கை அணைக்கச் சொன்னான். அணைத்தேன்.

"தெறி விளிக்க ஒருத்தனும் இல்லக்கா இப்போ" என்றான். "மெஷினை எடுத்துடு. மேல மழை ஒழுகுது, இங்கயே கிடந்தா நனையும்."

வெளியே நல்ல வெயில். அவனிடம் அதைச் சொல்லவில்லை. கம்பிகளைக் கழற்றிப் பலகையைக் கட்டிலிலிருந்து இறக்கி வைத்தேன்.