ஆறடி நாலு அங்குலப் பயம்

ஆறடி நாலு அங்குலம் உள்ள ஒருவன் பயந்தால் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்காது. தொண்ணூறுகளின் நடுவில், கோவில்பட்டியில் கல்லூரி படித்த காலத்தில் இதைத் தெரிந்துகொண்டேன். குள்ளமானவர்கள் நாலு பேர் முதுகுக்குப் பின்னால் நின்று தப்பித்துக்கொள்ளலாம். நான் நின்றால் கழுத்துக்கு மேலே உள்ளதெல்லாம் வெளியே தெரியும். பயம் முழுக்க அந்தப் பகுதியில்தான் இருந்தது.

பசுவந்தனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆடு வளர்க்கிற குடும்பம், கொஞ்சம் உளுந்தும் பருத்தியும் உண்டு. தொரட்டி இல்லாமல் வேப்பங்குழை ஒடிக்கிறவன் என்பதைத் தவிர என் உயரத்துக்கு வீட்டில் வேறு மரியாதை கிடையாது. பி.ஏ. சேர விண்ணப்பம் வாங்க வரிசையில் நின்றபோது, அந்தப் பக்கமாகப் போன உடற்கல்வி ஆசிரியர் நாலு எட்டு போய்விட்டுத் திரும்பி வந்தார். எல்லோருக்கும் அவர் பி.டி. சார். என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், தோளைத் தட்டிப் பார்த்தார், கணுக்காலைக் குனிந்து பார்த்தார். கிடா வாங்க வருகிற வியாபாரியைப் போல வாயைத் திறந்து பல்லைப் பார்க்காததுதான் பாக்கி. பாஸ்கெட்பால் ஆடியிருக்கிறாயா என்றார். இல்லை என்றேன். அதனால் ஒன்றும் இல்லை, நீ நின்றால் போதும் என்றார். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது, விடுதியும் கிடைத்தது. நான் சென்டர் ஆனேன்.

சென்டர் என்பவன் வளையத்துக்குக் கீழே நிற்க வேண்டும். நம் ஆட்கள் போட்டுத் தவறுகிற பந்தைப் பிடிக்க வேண்டும், எதிராளி போட வந்தால் மறிக்க வேண்டும். மறிப்பது எனக்கு வரும். பட்டி வாசலில் கையை விரித்து நின்று ஆட்டை மறித்தவன்தானே. ஆனால் ஆடு பொய்யாகத் துள்ளாது. எதிராளி பந்தைத் தூக்குவது போலப் பாவனை செய்வான், தூக்கமாட்டான். நான் நம்பி எம்பிவிடுவேன். நான் மேலே போய்விட்டுக் கீழே வரும்போது அவன் மேல்தான் விழுவேன். விசில். ஐந்து முறை இப்படி ஃபவுல் ஆனால் வெளியே போக வேண்டும். முதல் வருஷம் நான் ஓர் ஆட்டத்தைக்கூடக் கடைசி வரை ஆடியதில்லை.

கோவில்பட்டி ஹாக்கி ஊர். பாஸ்கெட்பாலை அங்கே யாரும் பெரிதாக மதிக்கவில்லை, நானும் நிம்மதியாக இருந்தேன். மைதானத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த அண்ணாச்சி கேபிள் டி.வி. இணைப்பு வாங்கியதில்தான் என் வாழ்க்கை கெட்டது. அவர் ஒரு காலத்தில் ஹாக்கி ஆடி முழங்காலைத் தொலைத்தவர். ஒருநாள் டி.வி.யில் வெளிநாட்டு ஆட்டம் ஓடியது. ஒரு நெட்டையன் பறந்து வந்து பந்தை இரண்டு கையாலும் வளையத்துக்குள் திணித்தான். திணித்ததோடு விடாமல் வளையத்தைப் பிடித்துத் தொங்கவும் செய்தான். அண்ணாச்சி ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இவன் யார் என்று கேட்டார். சென்டர் என்று பெஞ்சில் இருந்த யாரோ சொன்னார்கள். நம்ம காலேஜுக்கு யாரு சென்டர் என்று அடுத்த கேள்வி. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வாயில் பாதி வடை இருந்தது.

"தம்பி, நீ எப்ப தொங்குவ?"

நியாயமாக, நான் குதித்தால் இரண்டு விரல் நுனிதான் வளையத்தில் படும், அதுவும் கையில் பந்து இல்லாதபோது மட்டும்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். பயந்துபோய், "சீக்கிரம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என் டீயில் பால் கூடியது. பசுவந்தனை பஸ் கண்டக்டருக்கு அண்ணாச்சி கடையில்தான் காலை டீ. செய்தி பஸ் ஏறிப் போய் ஊரில் இறங்கியது. வாரக் கடைசியில் நான் வீட்டுக்குப் போனால் பருத்தி எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்து, தொங்கியாச்சா என்று விசாரித்தார்கள். விசாரிப்பு கூடக்கூட எனக்கு ராத்தூக்கம் குறைந்தது.

இரண்டாம் வருஷம் எங்கள் அணி கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. காரணம் நான் இல்லை. எங்கள் அணியில் ஐந்தடி ஐந்து அங்குலத்தில் ஒருவன் இருந்தான். அவன் எங்கே நின்று எறிந்தாலும் பந்து உள்ளே போகும். அரையிறுதியில் நான் ஐந்து ஃபவுலோடு வெளியே உட்கார்ந்து துண்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் டீக்கடையில் வேறு கணக்கு. பைனலுக்காக என்னைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்களாம். ஊர்க்காரர்கள் பருத்தி ஏற்றுகிற லாரியைப் பேசி முடித்துவிட்டார்கள்.

பி.டி. சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பைனல்ல கடைசி விசில் வரைக்கும் கிரவுண்டுல நிக்கணும். நீ வழக்கம்போல குதிச்சு வெளிய வந்தேன்னா, அடுத்த வருஷம் உன் இடத்துக்குக் கயத்தாறுல ஒரு பையன் இருக்கான். ஆறடி ஆறு அங்குலம்."

ஊர் முழுக்கக் குதி என்கிறது. குதித்தால் அணியில் இடம் போகும், இடம் போனால் விடுதியும் படிப்பும் போகும். அன்று மாலை பயிற்சிக்குப் போகாமல் கழிப்பறையிலேயே அதிக நேரம் இருந்தேன். அங்கேதான் அந்த யோசனை வந்தது.

பங்குனிப் பொங்கலுக்கு ஊரில் காப்புக் கட்டுகிற வாரம் அது. அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பவர்கள் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். கட்டிவிட்டால் பொங்கல் முடிகிற வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. பைனல் சனிக்கிழமை, தீச்சட்டி ஞாயிற்றுக்கிழமை. அம்மனே எனக்கு விடுப்புக் கடிதம் எழுதித் தருகிற மாதிரி அமைந்திருந்தது. பாஸ்கெட்பாலுக்குப் பயந்து நெருப்புச் சட்டியை ஏந்தத் துணிந்தவன் இந்தக் கரிசல் பூமியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எங்கள் கோயில் பூசாரி என் தாய்மாமாதான். செவ்வாய்க்கிழமை போய், தீச்சட்டி எடுக்கிறேன் மாமா என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காப்புக் கட்டி முடிகிற வரை பொறுத்திருந்து, பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு திண்டாடுவது போல நடித்தேன். ஐயோ, சனிக்கிழமை ஆட்டத்தை மறந்துவிட்டேனே என்றேன். உள்ளுக்குள் ஒரு குடம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டது போல இருந்தது.

மறுநாள் காலையில் கோயில் முன்னால் ஊர் கூடியது. லாரி பேசியாகிவிட்டது, மாலை சொல்லியாகிவிட்டது, பையன் போகாவிட்டால் எப்படி என்று ஆளாளுக்குப் பேசினார்கள். சாமி குத்தம் வருமே என்று நான் மட்டும் பக்தியோடு நினைவுபடுத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் மாமா வாயைத் திறந்தார். முன்பு ஒருமுறை காப்புக் கட்டிய ஆள் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போக வேண்டி வந்ததாம். அப்போது எல்லைக்கல் பக்கத்து மண்ணை எடுத்துக் கொடுத்து அனுப்பினார்களாம்.

"எல்லை மண்ணு மேலயே நிக்கான்னா, எல்லையத் தாண்டினதா எப்படி ஆகும்?" என்றார் மாமா. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏலே, உன் செருப்பு தோலா துணியா?"

"கேன்வாஸ் ஷூ மாமா. துணிதான்."

"அப்பச் சரி."

சனிக்கிழமை காலை எல்லைக்கல் அருகில் லாரி நின்றது. மாமா தன் கையாலேயே என் இரண்டு ஷூவுக்குள்ளும் ஒவ்வொரு பிடி கரிசல் மண்ணைப் போட்டார். அவருக்கும் காப்பு உண்டே, அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். அவர் இன்னொரு பிடி அள்ளித் தன் வேட்டி மடியில் முடிந்துகொண்டு லாரியில் ஏறினார். மடியில் முடிந்தாலே போதுமென்றால் எனக்கு ஏன் ஷூவுக்குள் என்று கேட்டேன்.

"உனக்கு மடி எங்கலே இருக்கு? நீ டவுசர்லா போடுத" என்றார்.

மைதானத்தில் கூட்டம். அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டு, உட்காருகிற பெஞ்சையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஆட்டம் தொடங்கியபோது மண் நறநறத்தது. கொஞ்ச நேரத்தில் வேர்வை இறங்கியது. கரிசல் மண்ணில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்பது மழைக்காலத்தில் அதில் நடந்தவர்களுக்குத் தெரியும். கால் விரல்களுக்கு இடையில் களி கிண்டியது போல ஆனது. ஒவ்வொரு ஷூவும் ஒரு குட்டி ஆட்டின் எடை.

எதிரணிக்காரன் என் முன்னால் வந்து வழக்கமான பாவனையைக் காட்டினான். நான் வழக்கம்போல நம்பினேன், எம்பினேன். மனசு போனது, கால் போகவில்லை. கையைத் தூக்கியபடி அப்படியே நின்றேன். இவன் ஏன் குதிக்கவில்லை என்று அவன் குழம்பி, பந்தை என் உள்ளங்கையிலேயே எறிந்தான். இரண்டாவது முறையும் இதேதான். மூன்றாவது முறை எதிரணிக் கோச் தலையில் அடித்துக்கொண்டார். ஒன்றரை வருஷமாகத் தான் சொன்னது என் மண்டையில் ஏறிவிட்டதாக நினைத்து பி.டி. சார் கைதட்டினார்.

கூட்டத்துக்கு இது பிடிக்கவில்லை. சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நிற்கிறானே, இதற்கா லாரி வைத்து வந்தோம் என்று முணுமுணுப்பு கேட்டது. என் ஊர்க்குரல்களை என்னால் தனித்தனியாக அடையாளம் காண முடிந்தது, அதுதான் கொடுமை. அவர்கள் பக்கம் பார்க்காமல் ஆடினேன். குதிக்காமலே, கை பட்டும் தோள் இடித்தும் நாலு ஃபவுல் ஆகியிருந்தது. இன்னும் ஒன்று என்றால் கயத்தாறுப் பையன்.

கடைசி நிமிஷம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். வளையத்தில் பட்டுத் தெறித்த பந்து நேராக என் கைக்கு வந்தது. என்னை மறிக்க வேண்டியவன் வழுக்கி விழுந்திருந்தான். தலைக்கு நேர் மேலே வளையம். இடையில் யாரும் இல்லை. மைதானம் மொத்தமும் சத்தத்தை நிறுத்தியது. அண்ணாச்சி, அந்த முழங்காலோடு, பெஞ்சு மேல் ஏறி நின்றார்.

"இப்ப தொங்கு தம்பி."

கத்தவில்லை. பக்கத்தில் நின்று சொல்வது போல மெதுவாகத்தான் சொன்னார். அந்த அமைதியில் அது எனக்குக் கேட்டது. குதித்தால் விரல் நுனிகூடப் படாது என்று எனக்குத் தெரியும். கீழே விழுந்தவன் எழுந்து வருவதும் தெரிந்தது, அவன் மேல் விழுந்தால் ஐந்தாவது ஃபவுல் என்பதும் தெரிந்தது. சும்மா கையைத் தூக்கிப் பந்தை வளையத்தில் போட்டிருக்கலாம். பயத்தில் அது தோன்றவே இல்லை. சூடான சட்டியைக் கைமாற்றிவிடுவது போல, ஓரத்தில் நின்ற ஐந்தடி ஐந்து அங்குலத்திடம் பந்தைத் தள்ளிவிட்டேன். அவன் எறிந்தான். போனது, இரண்டு புள்ளி. விசில்.

ஒரு புள்ளியில் ஜெயித்தோம். என் அணிக்காரர்கள் குதித்தார்கள். லாரிக்காரர்கள் அவ்வளவாகக் குதிக்கவில்லை. கொண்டுவந்த மாலையைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அந்தக் குள்ளனுக்குப் போட்டார்கள், அது அவன் முழங்கால் வரை தொங்கியது. பி.டி. சார் வந்து என் தோளைப் பிடித்து, தனக்கு என்று நினைக்காமல் பந்தைக் கொடுத்தாயே, இதுதான் ஆட்டம், அடுத்த வருஷமும் நீதான் என்றார். கயத்தாறுப் பையனைப் பற்றிப் பேச்சே இல்லை.

அண்ணாச்சி பெஞ்சைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து எதிரே நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது. ஏன் தம்பி இப்படிப் பண்ணிவிட்டாய் என்று கேட்டார். அவரிடம் ஒருமுறையாவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று தோன்றியது.

"பயமா இருந்துச்சு அண்ணாச்சி. எனக்கு அது வராது. எப்பவுமே வந்ததில்ல."

அவர் என்னைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். அப்படிப் பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். பிறகு சிரித்துவிட்டார். சுற்றி நின்றவர்களிடம் திரும்பி, "கேட்டீங்களாய்யா? இம்புட்டு பெரிய ஆளுக்குப் பயமாம்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், மாமாவும்தான். பையனுக்கு அடக்கம் ஜாஸ்தி, அடுத்த வருஷத்துக்கு மிச்சம் வைக்கான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. லாரி ஊர் திரும்பும்போது எல்லோர் முகமும் தெளிந்திருந்தது.

மறுநாள் தீச்சட்டி எடுத்தேன். கை நடுங்காமல் மூன்று சுற்று வந்தேன். ஊர் மெச்சியது. அணியில் என் இடம் பத்திரம், அதனால் இன்னும் ஒரு வருஷம் முழுக்கப் பயந்தாக வேண்டும் என்பது மூன்றாவது சுற்றில்தான் எனக்கு உறைத்தது.