கழற்றிப் பார்த்த கனெக்ரர்

என்னிடம் ஒரு பிஸ்கற் தகரம் இருக்கிறது. அதற்குள் பிஸ்கற் இருந்த காலத்தை நான் காணவில்லை. கண்டதெல்லாம் கனெக்ரர்கள்தான். ஒரு வயரின் நுனியை ஒரு பெட்டியில் பூட்டுவதற்கு உலகத்தார் எத்தனை விதமாகப் பிடிவாதம் பிடித்திருக்கிறார்கள் என்று அறிய, அந்தத் தகரத்தைக் கவிழ்த்தால் போதும்.

டிஷ்ஷுக்கு எஃப் வகை. அதற்குத் தனி ஊசி இல்லை, வயரின் நடுச்செம்பே ஊசி. காவல் கமெராவுக்கு பி.என்.சி. குத்திக் கால் வட்டம் திருப்பினால் பிடித்துக்கொள்ளும். ரவுட்டர் அன்ரனாவுக்கு எஸ்.எம்.ஏ., சுண்டுவிரல் நகமளவு. அதில் ஊசி உள்ளது ஒரு சாதி, ஊசி இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை உள்ளது இன்னொரு சாதி. திருகுப் புரி இரண்டுக்கும் ஒன்றுதான். மாறிப் பூட்டினாலும் இறுக்கமாகச் சேர்ந்துகொள்ளும், உள்ளே மட்டும் ஒன்றையொன்று தொடாது. மாங்குளத்தில் ஒரு வீட்டுக்கு அப்படிப் பூட்டிவிட்டு, "இனி நல்லா இழுக்கும்" என்று சொல்லித் தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்தவன் நான்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். படித்தவனுக்குத் தனக்கு என்ன தெரியாதென்று தெரிந்திருக்கும். எனக்கு அதுவும் தெரியாது. ஆகவே எல்லாவற்றுக்கும் கொஞ்சம் பயந்து வைப்பேன். கதவைப் பூட்டிவிட்டு பஸ் தரிப்பிடம்வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். பூட்டு ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. இரண்டு பஸ்கள் கைவிட்டிருக்கின்றன.

எங்கள் கரையில் மீனவர் சங்கத்துக்கு ஒரு வாடி இருக்கிறது. தகரக் கூரை, ஒரு மேசை, இரண்டு கதிரை. படகுகளோடு கதைக்க அங்கே ஒரு ரேடியோ செற் வைப்பதென்று முடிவாகி, அன்ரனா பூட்டும் வேலையைச் சங்கத் தலைவர் என்னிடம் தந்தார். செற்றுக்குப் போவது பி.எல். வகை, கட்டைவிரல் பருமன். நடுச்செம்பை ஊசிக்குள் விட்டு ஈயம் ஊற்றவேண்டும். வெளிப்பின்னலை உடம்போடு ஒட்டவேண்டும். பின்னலின் ஒரு மயிரிழை நடுச்செம்பில் பட்டாலும் எல்லாம் போச்சு. ஒரு மயிரிழைக்கு எத்தனை நாள் பயப்படலாம் என்பதை அந்த வேலைதான் எனக்குக் கற்பித்தது.

அக்காவின் கணவரின் படகுக்கும் நானே பூட்டினேன். உப்புத் தண்ணீர் பின்னலுக்குள் ஊறிவிடும் என்பதால் ஒட்டும் ரப்பர் ரேப்பை மூன்று சுற்றுச் சுற்றி, மாதம் ஒருமுறை அவிழ்த்துப் பார்க்கும்படி சொன்னேன். அடுத்த கிழமை போய்ப் பார்த்தால், ரேப்பின் மேல் படகுக்குப் பூசும் பைபர் பசையை அத்தான் கட்டியாகப் பூசிவைத்திருந்தார். எங்கள் கரையில் எது ஒழுகினாலும் மருந்து அதுதான். படகு, வாளி, செருப்பு, ஒருமுறை ஒரு குசினிப் பானை.

"என்ன அத்தான் இது? இனிக் கழட்டிப் பாக்கேலாதே!"

"ஏன்ரா கழட்டுவான்? கழட்டவோ பூட்டினனீ?"

"உள்ளுக்குத் தண்ணி போனால்?"

"படகுக்குள்ளயே போகேல்லை. உன்ர சுண்டங்காய்க்குள்ள போகுமோ?"

வாடைக் காற்று எழத் தொடங்கிய நாள்களில் ஒரு காலை. அத்தான் தொழிலுக்குப் போனால் பத்து மணி போல ஒருக்கால் கூப்பிடுவார். அன்று பதினொன்றாகியும் சத்தமில்லை. மற்றப் படகுகள் காற்றைக் கண்டு கரையேறியிருந்தன. அக்கா வாடிக்கு வந்து வாசலில் நின்றாள்.

"தம்பி, இவர் இன்னும் கூப்பிடேல்லையாம். உன்ர வயர் சரியோ?"

சும்மாதான் கேட்டாள். தலைவரும், "மீன் பட்டால் அவன் வாய் திறக்கமாட்டான் பிள்ளை. பொறு" என்றார். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் புகுந்துவிட்டது. செற்றின் பின்னால் போய்க் கனெக்ரரைக் கழற்றி, வயர் சோதிக்கும் மீற்றரின் ஒரு முனையை ஊசியிலும் மறு முனையை உடம்பிலும் வைத்தேன். சத்தம் வரக்கூடாது. கீச்சென்று வந்தது.

உள்ளும் வெளியும் தொடுகின்றன. என் மயிரிழை! யோசிக்காமல் கனெக்ரரை வெட்டி எறிந்தேன்.

"வெட்டிப்போட்டியோ?" என்றார் தலைவர்.

"ஷோட்டாக் கிடக்கு ஐயா. அஞ்சு நிமிசம்."

ஈயம் உருக்கும் அயன் சூடாகவே அஞ்சு நிமிடம் போயிற்று. புதிதொன்றைச் சீவி, ஈயம் ஊற்றி, அளந்தேன். கீச். அதையும் வெட்டினேன். மூன்றாவதையும் செய்து அளந்தேன். கீச். இதற்குள் வயர் குட்டையாகி மேசைக்கு எட்டவில்லை. தலைவர் செற்றை ஒரு குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு யன்னலடியில் நின்றார். வெளியே காற்று தகரத்தை அடித்தது. நான் மறுபடி கத்தியை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூட்டடா. கீச்சிட்டாலென்ன, ஊளையிட்டாலென்ன. பூட்டு!"

பூட்டினேன். கடைசித் திருகு இறுகமுன்னரே செற்றுக்குள் இருந்து அத்தானின் குரல் பாய்ந்தது.

"...வாடியில ஒருத்தரும் இல்லையோ? எல்லாரும் செத்துப்போச்சினமோ?"

அக்கா மைக்கைப் பறித்தாள். "நாங்கள் உயிரோடதான் இருக்கிறம். நீங்கள்?"

"எஞ்சின் நிண்டுபோச்சு. முக்கால் மணித்தியாலமாக் கத்துறன். நங்கூரம் இழுபடுது!"

தலைவர் இடம் கேட்டு இரண்டு படகுகளை அனுப்பினார். மூன்று மணிக்கு அவற்றில் ஒன்றின் பின்னால் கட்டி இழுபட்டு அத்தான் கரைசேர்ந்தார். நனைந்திருந்தார், முழுசாக இருந்தார். அக்கா அவருக்குத் துவாயை நீட்டினாள். பார்த்தது என்னைத்தான்.

மறுநாள் வவுனியாவில் அன்ரனா வாங்கிய கடைக்குப் போன் எடுத்தேன். கடைக்காரர் சிரித்தார்.

"அது அப்பிடித்தான் தம்பி. இடி விழுந்தால் மண்ணுக்குப் போகட்டுமெண்டு உள்ளையும் வெளியையும் அன்ரனாவுக்குள்ளயே சேர்த்து வைச்சிருக்கு. மீற்றர் கத்தும். செற்றுக்கு அது பிழையில்லை. பெட்டிக்குள்ள கடதாசி இருந்திருக்குமே?"

இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அதில் ஆணி சுற்றி வைத்திருந்தேன். அன்ரனாவில் பூட்டுமுன் நான் வயரைத் தனியாக அளந்ததால், முதலில் பூட்டிய அன்று மீற்றர் கத்தவில்லை.

ஆக, நான் முதலில் செய்த கனெக்ரர் அருமையானது. அத்தான் பதினொன்றுவரை கூப்பிடாதது மீன் பட்டதால். எஞ்சின் நின்று அவர் முதன்முதல் கூப்பிட்டபோது, அது கேட்டிருக்கவேண்டிய வயரை நான் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை அலைச்சலிலும் அவருடைய பசைக் கட்டிக்குள் ஒரு துளி தண்ணீர் போகவில்லை.

அன்று பின்னேரம் அத்தான் பசை வாளியும் தூரிகையுமாக வாடிக்கு வந்தார். வாளியை அக்கா பிடித்துக்கொண்டாள். செற்றும் வயரும் சேருமிடத்தில் அவர் பூசத் தொடங்கினார்.

"இங்கை தண்ணி வராதே அத்தான்?"

"தண்ணிக்கில்லை. உன்ர கைக்கு."

சங்கச் சாமான் என்று தலைவர் தடுப்பாரென நினைத்தேன். "அடியிலயும் பூசு" என்றார் அவர்.

உள்ளே என் ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சிலவேளை அந்தக் கட்டியை நகத்தால் தட்டிப் பார்ப்பேன். ஆனால் மீன் பட்டாலும் படாவிட்டாலும் பத்து மணிக்கு அத்தான் இப்போது தவறாமல் கூப்பிடுகிறார்.

"மச்சான், கை எங்கை?"

"சட்டைப் பொக்கற்றுக்குள்ள, அத்தான்."