போன் அக்காவும் பேக் ஆர்டரும்

வாளி, குவளை, துடைப்பம், மிதியடி என்று வீட்டைக் கழுவித் துடைக்கிற சாமான்களை மொத்தமாக விற்கும் அந்தக் கிடங்கில் அவளுக்குப் பெயர் போன் அக்கா. ஆர்டர் எடுப்பது அவள் வேலை. கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள், அவள் ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதிக்கொள்வாள். கல்யாணமான புதிதில் கொஞ்ச நாளைக்கு என்று சேர்ந்தவள். மகள் பிறந்து, வளர்ந்து, அவளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் அதே நாற்காலிதான், குஷன் மட்டும் இரண்டு முறை மாறியிருந்தது.

அவளோடு தினமும் பேசிய கடைக்காரர்களில் ஒருவரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. எல்லாரும் குரல்கள்தான். இருமிக்கொண்டே பேசுகிறவர், எதையோ மென்றுகொண்டே பேசுகிறவர், போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரியோடு சண்டையைத் தொடர்கிறவர். அவளுக்குப் பிடித்தது பாலத்தடிக் கடைக்காரரின் குரல். அண்டாவுக்குள் இருந்து பேசுவதுபோல் கனமாக வரும். "அக்கா, வாளி தீரப் போகுது" என்பார். எந்த நிறம், எவ்வளவு என்று அவளும் கேட்க மாட்டாள், அவரும் சொல்ல மாட்டார். நல்ல ஆஜானுபாகுவான ஆளாக இருப்பார் என்று அவளே ஒரு உருவம் பிடித்து வைத்திருந்தாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் முதலாளி புது சாஃப்ட்வேர் வாங்கினார். இனிமேல் கடைக்காரர்கள் தங்கள் செல்போனிலேயே ஆர்டர் போட்டுவிடுவார்கள். அக்கா திரையில் பார்த்து அனுமதி கொடுத்தால் போதும். "யாரும் யாருக்கும் போன் பண்ணவேண்டியதில்ல. எல்லாம் அதுக்குள்ளயே நடக்கும்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து சொல்லிக்கொடுக்க ஓர் இளம்பெண் வந்தாள். தங்கமான பெண். வாய்க்கு வாய் அக்கா போட்டாள். ஆனால் பேச்சு மட்டும் எக்ஸ்பிரஸ் வண்டி.

"இது ஆன் ஹேண்ட். கையிருப்பு, அதாவது கிடங்குல இப்ப இருக்கறது. பக்கத்துல அலகேட்டட். ஏற்கனவே வந்த ஆர்டருக்கு ஒதுக்கினது. அதைக் கழிச்சா மிச்சம் அவைலபிள். புதுசா கேக்கறவங்களுக்குக் கொடுக்க முடிஞ்சது."

"அப்ப இந்த நீல வாளி?"

"அவைலபிள் ஜீரோ."

போன் அக்கா திரும்பிப் பார்த்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீல வாளிகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கூரை முட்ட நின்றுகொண்டிருந்தன.

"அங்க நிக்குதேம்மா."

"நிக்குதுக்கா. ஆனா இல்ல. அது ஒரு ஆஸ்பத்திரி ஆர்டருக்கு ஒதுக்கியாச்சு."

போன் அக்கா தலையாட்டினாள். நிற்கிறது, ஆனால் இல்லை. சரி. பிறகு ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கோட் என்றாள் அந்தப் பெண். வாளிக்கு ஒரு கோட், அதன் மூடிக்கு வேறு கோட். யூனிட் என்றால் சிலதுக்கு ஒற்றை, சிலதுக்குக் கட்டு. மினிமம் ஆர்டர், லீட் டைம், ரீஆர்டர் பாயிண்ட் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. ஒன்றைப் பிடிப்பதற்குள் முந்தையது நழுவியது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி இருந்தது அவளுக்கு. சாயங்காலம் கிளம்பும் அவசரத்தில் அந்தப் பெண், "கடைசியா பேக் ஆர்டர். அது தெரியும்தானேக்கா?" என்றாள்.

அது மட்டும் தெரியும் என்றுதான் போன் அக்கா நினைத்தாள். கிடங்கு வண்டியை ஓட்டுகிறவன் அவள் கணவனின் தம்பி. அவன் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் வாசலில் யாராவது "பேக் வா, பேக் வா" என்று கத்துவதைத் தினமும் கேட்கிறாள். பேக் என்றால் திரும்பி வருவது. பிடி உடைந்த துடைப்பம், விரிசல் விட்ட குவளை எல்லாம் கடைகளிலிருந்து திரும்பி வருவது புதிதா என்ன? "தெரியும்மா" என்றாள். ஒரு நாள் முழுக்க முழித்த பிறகு அப்படிச் சொல்ல முடிந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அந்த வாரக் கடைசியில் திரையில் பாலத்தடிக் கடையின் பெயர் வந்தது. நீல வாளி, பேக் ஆர்டர்.

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷப் பழக்கம். சரக்கைத் திருப்புவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? போனைக் கையில் எடுத்தாள். யாரும் யாருக்கும் பண்ணவேண்டியதில்லை என்று முதலாளி சொன்னது ஞாபகம் வந்தது. வைத்துவிட்டுக் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, பாலத்தடியில இருக்கற நீல வாளியத் திரும்ப எடுத்துட்டு வந்துடு."

"ஏன் அண்ணி, ஓட்டையா?"

"என்னமோ. பேக்னு போட்டிருக்காரு."

கொழுந்தன் ஏன், எதற்கு என்று இரண்டாவது முறை கேட்கிற ஜாதி இல்லை. போனான், கடையில் இருந்த நீல வாளியை எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்தான். "ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டாள். "ஒண்ணும் சொல்லல அண்ணி. அவரே எடுத்துக் கொடுத்தாரு. மூஞ்சிதான் ஒரு மாதிரி இருந்துச்சு" என்றான்.

பயிற்சிக்கு வந்த பெண் சொல்லிக்கொடுத்தபடியே போன் அக்கா திரும்பி வந்த சரக்கை வரவு வைத்தாள். வைத்த மறு நொடி திரையில் எண்கள் தாமாக நகர்ந்தன. பிரிண்டர் முனகிக்கொண்டு ஒரு டெலிவரிச் சீட்டைத் துப்பியது. நீல வாளி. அனுப்பவேண்டிய இடம், பாலத்தடிக் கடை.

போன் அக்கா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மனசு மாறிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அதே வாளிகள் அதே வண்டியில் அதே கடைக்குப் போயின.

மதியத்துக்கு முன்னால், சில நாளாகச் செத்துக் கிடந்த மேஜைப் போன் அடித்தது.

"அக்கா." அண்டாவுக்குள்ளிருந்து வரும் அதே குரல், சுருதி இறங்கியிருந்தது. "நேத்து எங்க கடை வாளிய எடுத்துட்டுப் போனீங்க. இன்னிக்கு அதே வாளி வந்திருக்கு. எம் பொண்ணு ஒட்டின விலைச்சீட்டுகூட அப்படியே இருக்கு. நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டனாக்கா?"

"நீங்கதானே அண்ணே திருப்பி எடுக்கச் சொன்னீங்க?"

"நானா? இன்னும் வேணும்னுல்ல கேட்டிருந்தேன்."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அவர் பயிற்சிக்கு வந்த பெண்ணைப் போனில் பிடித்து, அக்காவுக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். அந்தப் பெண் ஏதேதோ தட்டிப் பார்த்துவிட்டு, "சிஸ்டம் சரியாத்தான் பண்ணியிருக்கு சார். வாளி உள்ள வந்ததும், பேக் ஆர்டர்ல காத்திருந்த முதல் கடைக்கு ஒதுக்கிடுச்சு. அது அதே கடையா இருந்துபோச்சு" என்றாள்.

"அப்ப பேக்னா திரும்பி வர்றது இல்லையா?" என்றாள் போன் அக்கா.

"இல்லக்கா. கேட்டாங்க, கொடுக்க சரக்கு இல்ல, வந்ததும் கொடுப்போம்னு நிறுத்தி வச்ச ஆர்டர்."

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னம்மா சொல்ற? பேக் ஆர்டர்னா பேக் பண்ணிக் கட்டி வச்ச ஆர்டர்னு நெனச்சேன் நான். தினம் ஏறிட்டே போகுதேன்னு சந்தோஷப்பட்டுட்டிருந்தேன்."



போன் அக்காவைத் திட்ட முதலாளிக்கு வாய் வரவில்லை. அதுவே அவளுக்குக் கூடுதல் சங்கடம். "நான் ஒரு நடை நேர்ல போய் அவருகிட்டச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றாள். கொழுந்தனின் வண்டியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எங்கே ஆரம்பித்தாலும் நடுவில் சிக்கிக்கொண்டது.

கடை வாசலில் ஓங்குதாங்காக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நேரே அவரிடம் போய், "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாம் என்னாலதான்" என்று ஆரம்பித்தாள். அவர் மிதியடி வாங்க வந்தவர். மிரண்டுபோய் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"போன் அக்காவா?" என்று உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது. கல்லாவுக்குப் பின்னால் ஒல்லியாக, குட்டையாக, பெரிய கண்ணாடி போட்ட ஒரு மனிதர் எழுந்து நின்றார். இவ்வளவு சின்ன உடம்புக்குள் அந்தக் குரல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. அவரும் அவளைப் பார்த்த பார்வையில், வேறு யாரையோ எதிர்பார்த்திருந்தது தெரிந்தது. இரண்டு பேருக்கும் சட்டென்று வெட்கமாகிவிட்டது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ வரவழைத்தார். அவள் தெரிந்த வரைக்கும் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நம்ம கடையே வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சுட்டேன் அக்கா. அதான் ஏன்னு கேக்காமலே எடுத்துக் கொடுத்துட்டேன்" என்றார்.

"கேட்டிருக்கலாம்ல அண்ணே?"

"போன் பண்ணக் கூடாதுன்னுல்ல மெசேஜ் வந்துச்சு."

அவள் டீயை ஆற்றிக் குடித்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று அவர் மேலே கையைக் காட்டினார். பரணில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை வாளி மூடிகள். "வாளி கேட்டேன், மூடிதான் வருது. அதுவும் ஒண்ணு போட்டா ஒரு கட்டு இறங்குது. மூடிய மட்டும் வச்சு நான் என்ன பண்றது?"

"மூடிக்குத் தனி கோட் அண்ணே. மூடிக்கு யூனிட் கட்டு. வாளிக்கு..." என்று ஆரம்பித்தவளுக்கு வாளிக்கு என்ன என்பது மறந்துபோயிருந்தது. அவர் தன் செல்போனை நீட்டினார். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்தச் சின்னத் திரையில் தேடினார்கள். விரல் பட்ட இடத்தில் இன்னொரு கட்டு மூடி ஆர்டர் ஆனது. அதை ரத்து செய்ய இருவருக்கும் தெரியவில்லை. மிதியடிக்காரர்தான் வாங்கிச் செய்து கொடுத்தார்.

கடைசியில் மூடிகளை வண்டியில் ஏற்றினார்கள். கொழுந்தன் கதவைச் சாத்திவிட்டு, "அண்ணி, இதுதான் நெசமான பேக்கா?" என்றான்.

"இது ரிட்டர்ன்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "அப்படித்தான் நெனக்கறேன்" என்றாள்.

அடுத்த வாரம் பயிற்சிப் பெண் மறுபடி வந்தாள். திரையில் உள்ள சொற்களை விருப்பம்போல் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதாம். பேக் ஆர்டருக்கு என்ன போடலாம் என்று கேட்டாள். "வரவேண்டியது" என்றாள் போன் அக்கா. தொழிற்சாலையிலிருந்து நமக்கு வருவதும் வரவேண்டியதுதானே, குழம்பாதா என்றார் முதலாளி. "கொடுக்கவேண்டியது" என்றாள். கடன்காரன் மாதிரி இருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு "பிறகு தருவது" என்றார் அவரே. எல்லாருக்கும் பிடித்தது. அந்தப் பெண் அதையே அடித்துச் சேமித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் பார்த்தால், அந்தக் கட்டத்தில் இடம் போதாமல் முதல் சொல் மட்டும்தான் தெரிந்தது. கடைக்காரர்களின் செல்போனிலும் அப்படியே. நீல வாளி, பிறகு. துடைப்பம், பிறகு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

காலை பத்து மணிக்கெல்லாம் மேஜைப் போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் இருமல்காரர். அப்புறம் எதையோ மென்றுகொண்டு ஒருவர். பின்னணியில் சண்டையோடு இன்னொருவர். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"அக்கா, பிறகுன்னு போட்டிருக்கு. பிறகு என்ன?"

முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். போன் அக்கா ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு காகிதத்தைத் தேடி எடுத்தாள்.

"சொல்லுங்கண்ணே, உங்களுக்கு என்ன வேணும்?"