நதியாவின் அருவி வேலை

நதியா என்கிற பெயரைச் செந்தாமரை முதலில் கேட்டது ஜமுனாமரத்தூர் சந்தையில். புளி விற்று முடிவதற்குள் மகன் வெற்றிவேல் ஜீப்பைக் கிளப்பத் துடித்தான். "நதியாவுக்கு லேப்டாப்புல சார்ஜ் தீந்திருக்கும்மா, ஜீப்புலதான் போட்டுக் குடுக்கணும்" என்றான். யாருடா அது என்று கேட்டதற்குக் காது வரைக்கும் சிவந்துபோனான். அடுத்த தையில் அந்தப் பெயரே மருமகளாக வீட்டுக்கு வந்துவிட்டது.

நதியாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை. மற்றவர்கள் செய்கிற மென்பொருளில் எங்கே பிழை என்று சோதித்துச் சொல்ல வேண்டும். அப்போது கம்பெனியில் வாட்டர்ஃபால், அதாவது அருவி, என்றொரு முறை. வேண்டியதையெல்லாம் முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் செய்து, கடைசியில்தான் சோதிப்பார்கள். நதியா வீட்டில் உட்கார்ந்தே பார்த்து முடித்து, சந்தைக்குப் போகும்போது நெட் கிடைக்கிற இடத்தில் அனுப்பிவிடுவாள். சோதிக்க ஒன்றும் வராத நாட்களில் மாமியாரோடு சாமைக் கொல்லைக்குக் களையெடுக்கப் போவாள். பெண் பிள்ளை பெறாத செந்தாமரைக்கு அந்த ஒரு வருஷம்தான் பேச்சுத்துணை என்றால் என்னவென்று தெரிந்தது. அருவி வேலை நல்ல வேலை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வருஷம் முழுக்கச் செய்ததை வாங்க வந்தவர்கள் திறந்து பார்த்துவிட்டு, நாங்கள் கேட்டது இதில்லை என்றுவிட்டார்கள். கம்பெனி அஜைல் முறைக்கு மாறியது. கொஞ்சம் செய்ய வேண்டும், இரண்டு வாரத்தில் காட்ட வேண்டும், அவர்கள் சொல்கிறபடி திருத்தி மேலே போக வேண்டும். தினம் காலையில் எல்லாரும் நின்றுகொண்டே பேசும் கூட்டம் வேறு, போனில்.

சிக்னல் ஊருக்கு மேலிருக்கிற பாறையில்தான். நதியா அதில் ஏறி நிற்பாள். மழை நாளில் செந்தாமரை குடை பிடிப்பாள். "ஒக்காந்து பேசுனா இன்னா, சீட்டக் கிழிச்சிடுவாங்களா?" என்று கேட்டு அவளைச் சிரிக்க வைப்பாள். கேமராவில் அந்தக் கையை மட்டும் பார்த்த பெங்களூர்க்காரர்கள், குடை ஆன்ட்டிக்கு வணக்கம் என்பார்களாம்.

பாதிப் பேச்சில் சிக்னல் அறுந்துபோகும். ஒருமுறை அவள் சொன்ன பிழை யாருக்கும் கேட்காமலே போய் வேலை கெட்டது. பெங்களூருக்கே வந்துவிடு என்றார்கள் கம்பெனியில்.

அன்று செந்தாமரை மருமகளிடம் கேட்டாள். "பழையபடி அருவிக்கே திரும்பச் சொல்லேன், கண்ணு."

"அருவி திரும்பி மேல ஏறாதுத்தே" என்றாள் நதியா. "அப்போ நான் கடைசி ஆளு. எல்லாம் முடிஞ்ச பொறவு தப்பு சொன்னா யாரு கேப்பாங்க? இப்போ மொத நாளே என்னக் கேக்குறாங்க" என்றாள். அதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அப்படி உட்கார்ந்தவளிடம் இருந்துவிடு என்று எப்படிச் சொல்வது? செந்தாமரை எழுந்து போய்ச் சாமை அரிசியைப் பையில் கட்டினாள்.

வெற்றிவேலும் ஜீப்பை விற்றுவிட்டுக் கூடப் போனான். அங்கே கார் ஓட்டுகிறான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருவரும் வருகிறார்கள், ஞாயிறு மட்டும். மருமகள் அதையும் அஜைல் என்று சொல்லிச் சிரிக்கிறாள். செந்தாமரைக்கு அருவிதான் வேண்டும். மொத்தமாக, ஒரு வருஷம். மழை பெய்கிற காலைகளில் குடையை எடுத்துக்கொண்டு பாறை வரைக்கும் போய்விட்டு வருகிறாள்.