ஓட்டக்காரிக்குக் கட்டிய காப்பு

தங்கவேல் அண்ணன் என் மகளுக்குக் காப்புக் கட்டச் சொன்னது பக்தியால் அல்ல. அவளை ஊரை விட்டு நகர விடாமல் செய்வதற்குத்தான். இதை அவரும் படிப்பார். படிக்கட்டும்.

அம்மனை நம்புகிறவர்களுக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்களுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஊர். வீட்டுக்காரர் ஆப்பிரிக்காவில் ஒரு குட்டி நாட்டில் ரிக் வண்டி வைத்துப் போர்வெல் போடுகிறார். மகள் யாழினி அங்கேயே பிறந்தவள், அந்த நாட்டுக் குடிமகள். நூறு மீட்டர் ஓடுவாள். உலகப் போட்டிக்கு அங்கிருந்து ஒரே ஒரு பெண்தான் போக முடியும். அந்த இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி யாழினி, இன்னொருத்தி தங்கவேல் அண்ணன் மகள் நிவேதா. அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். அங்கே பெரிய ரிக் முதலாளி, அணிக்கு மேலாளரும் அவரே. தேர்வு ஓட்டம் என்றைக்கு என்று எங்களுக்குச் சொல்கிறவரும் அவரே.

போன பங்குனியில் அம்மன் திருவிழாவுக்கு, எங்கள் பேச்சில் நோம்பிக்கு, நானும் யாழினியும் ஊருக்கு வந்தோம். அவரும் மகளோடு வந்தார். நோம்பி முடிந்த பிறகுதான் தேர்வு என்று சொல்லியிருந்தார். யாழினிக்குத் தொடைச் சதை பிடித்து அப்போதுதான் சரியாகி வந்தது. காப்புக் கட்டும் அன்று கோயிலில் அவராகவே வந்தார்.

"அம்மிணி, புள்ளைக்குக் காப்புக் கட்டி உடு. காலை ஆத்தா பாத்துக்குவா."

"உங்க புள்ளைக்கும் கட்டலாமுங்களே அண்ணா?"

"அவளுக்குச் சளி அம்மிணி. தலைக்குத் தண்ணி ஊத்திட்டு ஈரத்துணியோட நிக்க மாட்டா."

அந்தச் சளிக்காரி சற்று முன்புதான் குச்சி ஐஸ் தின்றுகொண்டிருந்தாள். பார்த்தும், தேர்வு நோம்பிக்குப் பிறகுதானே என்று யாழினிக்குப் பூசாரியிடம் காப்புக் கட்டச் சொன்னேன்.

காப்புக் கட்டியவர்கள், கோயில் முன் நட்ட கம்பத்தைப் பிடுங்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. இது அவருக்குத் தெரியாதா?

மஞ்சள் கயிற்றின் ஈரம் காயவில்லை, நிவேதா ஓடி வந்தாள். அது சூது தெரியாத பிள்ளை.

"யாழி, நாங்க நாளைக்கு வெடிகாலைல கெளம்பறோம். நீ எப்ப வாரே?"

"எங்கடி?"

"செலக்சனை வெள்ளிக்கிழமைக்கு மாத்திட்டாங்கல்ல? அப்பா சொல்லலியா?"

நேராக அவரிடம் போய்க் கேட்டேன்.

"இப்பத்தான் போன் வந்துச்சு அம்மிணி. சொல்றதுக்குள்ள நீ காப்பைக் கட்டிப்போட்டே. ஆத்தா சித்தம் அப்படி."

இப்போதுதான் வந்த போனுக்கு, நாளைக்கு விமானத்தில் இடம் எப்படிக் கிடைத்தது?

வீட்டுக்கு வந்ததும் யாழினி கையை நீட்டினாள். "அறுத்து உடும்மா. ஓடறவ நானு."

"பொறு சாமி" என்றேன். ஆனால் கத்தரிக்கோலை எடுத்து அலமாரியில் தயாராக வைத்துவிட்டேன். அந்த நிலைமையில் யாரையும் நம்பவில்லை. கயிற்றைக் கட்டிய பூசாரிக்கும் இதில் பங்கு உண்டா என்றுகூட நினைத்தேன். நேரே கோயிலுக்குப் போனேன். அழவில்லை. அம்மனிடம் சண்டைதான் போட்டேன்.

"நீயும் அந்தாளோட சேர்ந்துட்டியா? எம்புள்ளையைக் கட்டிப்போட்டது உன் கயிறு. வழியும் நீதான் காட்டோணும்."

அதுதான் என் பிரார்த்தனை. வேறு மந்திரம் எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து காலையில் யாழினியும் நானும் கம்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினாள். கத்தரிக்கோல் அலமாரியிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டார். "ஏம்புள்ள, இங்க மழை ஊத்து ஊத்துனு ஊத்துது. கிரவுண்டு குளமாட்டக் கெடக்குது."

"இது மழை மாசமே இல்லீங்களே? என்னைத் தேத்தறதுக்குச் சொல்றீங்களா?"

"உனக்கு என்னையுமா சந்தேகம்?"

"போனைத் திருப்பிக் காட்டுங்க."

காட்டினார். ரிக் வைத்துத் துளைத்தாலும் புழுதி மட்டும் பறக்கும் மண் அது. அந்த நாட்டுக்கே அந்த ஒரு மண் தடம்தான். கோடு போட்ட இடமெல்லாம் தண்ணீர். நடுவில் தங்கவேல் அண்ணன், பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, குடை பிடித்து நின்றார். யாழினி போனை வாங்கிப் பார்த்தாள். பிறகு அவளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து, அது எப்போதும் இருக்கும் தையல் மிஷினில் திருப்பி வைத்தாள்.

தடம் காயும் வரை தேர்வைத் தள்ளிப்போட்டார்கள். அது காய்வதற்குள் இங்கே கம்பம் பிடுங்கிவிட்டார்கள்; காப்பை அவிழ்த்துவிட்டுக் கிளம்பினோம். தேர்வு ஓட்டத்தில் யாழினிதான் முதலில் வந்தாள். ஓடி வந்து முதலில் கட்டிப்பிடித்தது நிவேதா. உலகப் போட்டியில் முதல் சுற்றிலேயே கடைசிக்கு முந்தின இடம். இருக்கட்டும். அந்தக் குட்டி நாட்டின் கொடியைப் பனியனில் போட்டுக்கொண்டு, பயப்படாமல் ஓடினாள். தாயே, அதற்கு உனக்குக் கோடி கும்பிடு.

இப்போது அவள் ஓடுவதற்கு முன், காப்பு இருந்த மணிக்கட்டைத் தொட்டுக் கும்பிடுகிறாள். மனுசர்களைச் சந்தேகப்படுவதை நான் விடவில்லை. அம்மனைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டேன். உங்களையும் யாராவது நகர விடாமல் கட்டிப்போட்டிருந்தால், அழகாக வேண்டத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். அவளிடம் போய்ச் சத்தம் போட்டுக் கேளுங்கள். கேட்பாள்.

தங்கவேல் அண்ணா, அடுத்த நோம்பிக்குக் கம்பம் நடும்போது ஊரே நிற்கும். நானும் நிற்பேன். கம்பத்தைத் தொட்டுக்கொண்டு எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்: என் மகள் கையில் அந்தக் கயிறு ஏறும்போது, தேதி மாறியது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?