கை மாறிய காப்பு

நேற்று மாலை வெளியான தேசிய விருதுப் பட்டியலில் கொல்லிமலைப் பெண் ஒருவரின் பெயர் இருக்கிறது. டிவி ஆவணப்படப் பிரிவில், ஒலிப்பதிவுக்காக. விருதுக் குழுவின் செய்திக்குறிப்பில் பார்த்தேன். காலையில் மலை மேலே குண்டனி நாட்டில் (அங்கே ஊர்த் தொகுதியை நாடு என்பார்கள்) இருக்கும் அவருடைய அம்மாவுக்கு போன் போட்டு உறுதியும் செய்துகொண்டேன்.

பெண் பெயர் கௌசல்யா. அம்மா பெயர் வீரம்மா.

ரிட்டயர் ஆன பிறகும், இரண்டு இடத்தில் கேட்காமல் எதையும் நம்ப வரவில்லை எனக்கு...

போனை வைத்ததும் ஈர வேப்பிலையும் மஞ்சளும் கலந்த ஒரு வாசனை மூக்கில் வந்து நின்றது.

பல வருஷங்களுக்கு முன்பு நான் நாமக்கல்லில் ஒரு தினசரிக்கு நிருபர். செய்தியை பேக்ஸில் அனுப்பிய காலம். வீரம்மாவின் ஓரகத்தி பாப்பாயி. புருஷனுக்கு அண்ணன் மனைவி. ஒரே வீடு, இரண்டு அடுப்பு. மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பாப்பாயியை, மலையில் படம் எடுக்க வந்த ஒரு சின்ன கம்பெனி அம்மா வேஷத்துக்குப் பிடித்துப் போட்டது.

படம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஆனால் துணை நடிகைக்கான தேசிய விருது பாப்பாயிக்குக் கிடைத்தது.

நடித்த நாளிலிருந்து வீரம்மா அவரோடு பேசுவதில்லை. தண்ணிக் குழாயடியில், "சினிமாக்காரி வாரா, வழி உடுங்க" என்று மற்றவர்களிடம் சொல்வதோடு சரி.

விழாவுக்குச் சில நாள் இருக்கும்போது பத்திரிகை ஆபீஸ் டெஸ்க்கிலிருந்து போன். "அந்தம்மா வரமாட்டேன்னு டெல்லிக்குச் சொல்லிட்டாங்களாம். புறக்கணிப்புய்யா! சீக்கிரம் அனுப்பு, மத்த பேப்பர் முந்திக்கும்."

பாப்பாயி வாயால் கேட்காமல் எழுத மாட்டேன் என்றேன். டெஸ்க்காரர் என்ன சொல்லித் திட்டினார் என்பது இங்கே வேண்டாம். காரவள்ளி அடிவாரத்தில் மலை பஸ் தயாராக நின்றது என் அதிர்ஷ்டம்.

பாப்பாயி வாசலில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும் திகைத்துவிட்டார்.

"ஏனுங்க, வேண்டாம்னு ஆருங்க சொன்னது? ஆசை இல்லாம இருக்குமாங்க? காப்பு கட்டிட்டனுங்க..."

வலது கையைக் காட்டினார். மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு. நோயில் கிடந்த மாமியார் பிழைத்து எழுந்தால் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் பூவோடு, அதாவது நெருப்புச் சட்டி, எடுப்பதாக வேண்டுதல். மாமியார் எழுந்துவிட்டார். காப்பு கட்டியவர் நோம்பி முடியும்வரை ஊர் எல்லை தாண்டிப் படுக்கக் கூடாது. டெல்லிக்குப் போய் இருட்டும் முன்னால் திரும்ப முடியுமா?

"வர முடியாது" என்று அவர் சொன்னது டெல்லிக்குப் போவதற்குள் "வர மாட்டேன்" ஆகியிருந்தது.

இதைப் பேசி முடிக்க அன்று சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கட்டின காப்பை நடுவில் அவிழ்த்து இந்த ஊரில் பழக்கமில்லை, சாமி குத்தம் ஆகிவிடும் என்று. பாப்பாயி தலை நிமிரவில்லை. அழவும் இல்லை. விரலால் அந்த நூலை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து வீரம்மா எழுந்தார்.

"வேண்டுதல் அவங்களுதுங்களா, ஊட்டுதுங்களா?"

"ஊட்டுதுதான்" என்றார் கவுண்டர்.

"அப்ப நானும் அந்த ஊட்டுக்காரிதானுங்க. எங்கையில கட்டுங்க. பூவோடு நான் எடுக்கறேன்."

இத்தனை நாள் பேசாதவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று யாரோ கிண்டலாகக் கேட்டார்கள்.

"இப்பவும் பேசலீங்க. கையத்தான் நீட்டறேன்."

கவுண்டர் பூசாரியைப் பார்த்துத் தலையாட்டினார். நூல் தரையில் படாமல், அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாறியது.

மலையின் பெரிய ஊரான செம்மேட்டிலிருந்து நாலு பத்தி பேக்ஸ் அனுப்பினேன். கொல்லிமலைப் பெண் விருது வாங்க டெல்லி போகிறார், அவ்வளவுதான். இதில் என்னய்யா நியூஸ் இருக்கு என்றது டெஸ்க். உள்பக்கத்தில் ஓரமாகப் போட்டார்கள். அதைவிடப் பெரிய செய்திகள் எவ்வளவோ எழுதியிருக்கிறேன். நன்றியோடு நினைத்துக்கொள்வது அந்த நாலு பத்தியைத்தான். அவசரப்பட்டிருந்தால் பாப்பாயி பெயர் வேறு மாதிரி டெல்லிக்குப் போயிருக்கும்.

விழா அன்று பஞ்சாயத்து டிவி முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. நானும்தான். கரண்ட் போய்விடக் கூடாது என்பதுதான் எல்லோருக்கும் கவலை. பாப்பாயி மேடை ஏறினார். இரண்டு கையாலும் வாங்கினார். கேமரா கிட்டத்தில் போனபோது, வெறுமையாக இருந்த வலது மணிக்கட்டை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

வீரம்மாதான் முதலில் பேசினார்.

"என்ற முகூர்த்தப் பட்டுச்சீலையக் குடுத்து உட்டேன். முந்தானைய ஒழுங்கா மடிச்சுக் கட்டத் தெரியுதா பாரு அக்காளுக்கு."

சொல்லிவிட்டு, காப்புக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த 'அக்கா'வை ஊரில் பல பேர் அன்றைக்குத்தான் கேட்டார்கள்...

இப்போது பேக்ஸ் இல்லை. விழாவை அவரவர் போனிலேயே பார்க்கலாம். மலையில் சிக்னல் கிடைத்தால். அந்த வீட்டில் அடுப்பும் ஒன்றாகிவிட்டது. காலையில் நான் பேசும்போது போனை மாறி மாறிப் பிடுங்கிக்கொண்டார்கள் ஓரகத்திகள் இருவரும்.

நோம்பி எப்போது என்று கேட்டேன். இந்த வாரம் நோம்பி சாட்டி, காப்பு கட்டுவதாக இருந்ததாம். பட்டியல் வந்ததும் ஊர்க்கவுண்டர், அன்றைய கவுண்டரின் மகன், நிறுத்தி வைத்துவிட்டாராம்.

"ரெண்டு பேருமே டெல்லிக்குப் போறமுங்க" என்றார் வீரம்மா. "அப்புறம் காப்ப ஆரு கையில மாத்தறது?"

விழா தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை. அடுத்த மாதத்துக்குள் தெரியும் என்கிறது செய்திக்குறிப்பு. அதுவரை குண்டனி நாட்டில் மாரியம்மனும் காத்திருக்கிறாள்.